நாலரை மணிப் பசி

முதல்லயே சொல்லிடறேன். என் மக கோமதிக்கு இருந்தது வலிப்பு நோய். ஊர்ல காக்கா வலிப்புன்னு சொல்லுவாங்க. காக்காவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லல. அது பேய் இல்ல, சாபம் இல்ல, நான் போன ஜென்மத்துல செஞ்ச பாவமும் இல்ல.

இதை இப்போ எழுதறதுக்குக் காரணம் இருக்கு. போன மாசம் லாங் ஐலண்ட் தீவுல இருந்து கப்பலேறி இங்க போர்ட் பிளேருக்கு ஒரு சின்னப் பொண்ணு, இடுப்புல குழந்தையோட என்னைத் தேடி வந்தா. உள்ள வந்ததும் கதவைச் சாத்திட்டா. அப்புறம் குசுகுசுன்னு கேக்கறா: "பெரியம்மா, உங்க மகளுக்கும் இது இருந்துச்சாமே. வெளியில தெரியாம எப்படிச் சமாளிச்சீங்க?" நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து வச்சேன். "இப்போ கேளு. சத்தமா கேளு"ன்னேன். பாவம், அழுதுட்டா. அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதறேன்.

அப்போ எழுபதுகளோட ஆரம்பம். போர்ட் பிளேர்ல ஷாதிபூர்ங்கற பகுதியில ரெண்டு ரூம் வீடு, தகரக் கூரை. எங்க வீட்டுக்காரர் பரமசிவம் பொதுப்பணித் துறையில ஸ்டோர் கீப்பர். ரெண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். நான் வீட்டுலயே மெஸ் நடத்தினேன். மெயின்லேண்ட்ல இருந்து வேலைக்கு வந்து, சமைக்கத் தெரியாம ரொட்டியும் டீயுமா உசிர் வாழ்ந்துட்டு இருந்த ஆம்பளைங்க இருபது பேர் என் கையில சாப்பிட்டாங்க. லாஞ்ச் படகுல வேலை பாக்கறவங்க அஞ்சு மணிக்கெல்லாம் படகுத் துறையில நிக்கணும். அதனால நான் மூணரைக்கு அடுப்பு பத்த வச்சிருவேன்.

எங்க தீவுல கடிகாரம் டெல்லிக்காரனுது, சூரியன் எங்களுது. மெயின்லேண்ட் மணிதான் எங்களுக்கும், ஆனா கோடையில நாலரைக்கே பளபளன்னு வெளிச்சம் வந்துரும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இருட்டிரும். அஞ்சரைக்கே ராத்திரிச் சாப்பாடு முடிச்சு, ஏழரைக்குப் படுத்துருவோம். எங்களுக்கு இது பழகிப்போச்சு, இதைப் போய் யார்கிட்டயும் விளக்கணும்னு எங்களுக்குத் தோணினதே இல்ல.

கோமதிக்கு மூணு வயசுலயே ஆரம்பிச்சிருச்சு. முதல்ல சும்மா வெறிச்சுப் பாப்பா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. ஒரு நிமிஷத்துல சரியாயிரும். அஞ்சு வயசுல பெரிசா வந்துச்சு. நாலே முக்காலுக்குக் குடத்தை எடுத்துட்டுத் தெருக் குழாய்க்குப் போனவ, அங்கனயே விழுந்துட்டா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நுரை. தெருவே கூடிருச்சு. ஒருத்தர் ஓடி வந்து அவ கையில இரும்புச் சாவியைத் திணிச்சாரு. அன்னில இருந்து ரெண்டு வருஷத்துல அவ கையில திணிச்ச சாவியை எல்லாம் உருக்கினா ஒரு கப்பலுக்கு நங்கூரம் செஞ்சிருக்கலாம். எல்லாரும் நல்ல மனசோடதான் செஞ்சாங்க. சாவிக்கு ஒண்ணும் பயப்படாம வலிப்பு பாட்டுக்கு வந்து போயிட்டுதான் இருந்துச்சு.

போர்ட் பிளேர்ல டாக்டர் பினோபார்பிடோன் மாத்திரை குடுத்தாரு. மூளையை அமைதிப்படுத்துமாம். குறையல. கூட இன்னொண்ணு குடுத்தாரு. குறையல. அளவை ஏத்தினாரு, மூணாவதா ஒண்ணையும் சேர்த்தாரு. கோமதி நாள் பூரா தூங்கி வழிஞ்சா, ஆனா காலையில வர்றது வந்துட்டேதான் இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல இருந்து, "பாப்பா கிளாஸ்ல தூங்குது, கொஞ்ச நாள் வீட்டுல வச்சிருங்க"ன்னு அனுப்பிட்டாங்க. மூணாவது மருந்தும் தோத்தப்புறம் டாக்டர் சொன்னாரு, "இது மருந்துக்கு அடங்காத வலிப்பு. மெட்ராஸ்ல காட்டுங்க"ன்னு. அடங்காதாம். என் மகளுக்கு வந்தது, பின்ன எப்படி அடங்கும்?

"டாக்டர், இவளுக்குச் சாப்பிட்டா வரல, வெறும் வயித்துலதான் வருது"ன்னு நான் அவர்கிட்ட ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். அவரு தங்கமான மனுஷன், சிரிச்சுக்கிட்டே, "அம்மாவுக்குப் பிள்ளை எப்பவும் பசியாத்தான் தெரியும்"னாரு. நான் வாயை மூடிக்கிட்டேன், முன்கூட்டியே ஊட்டிப் பாக்கணும்னும் தோணல. அந்த வயசுல நானும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க.

ஆனா அவர் சொன்ன ஒரு காரியத்தை ஒழுங்கா செஞ்சேன். வலிப்பு வர்ற நேரத்தை எழுதி வைக்கச் சொன்னாரு. மெஸ் நோட்டோட கடைசிப் பக்கத்துல இருந்து பின்னோக்கி எழுதிட்டு வந்தேன். 4.40. 4.50. 4.35. 4.45. பக்கம் பக்கமா இதேதான். அந்த நோட்டுதான் எங்களைக் கவுத்துச்சு, அதேதான் காப்பாத்துச்சு.

மெட்ராஸ் கப்பல்ல இடம் கிடைக்கவே ஒரு மாசம் ஆச்சு. பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா, அவங்க பாஷையில அண்ணியை பௌதின்னு சொல்லுவாங்களாம், அதனால தெருவுக்கே பௌதி, என் அடுப்பை ஏத்துக்கிட்டாங்க. "தூ ஜா, வடிவு. மெஸ் மைன் தேக் லூங்கி"ன்னாங்க, நீ போ, மெஸ்ஸை நான் பாத்துக்கறேன்னு. இட்லின்னா என்னன்னே தெரியாத பௌதி, ஒரு மாசத்துக்கு மேல இருபது தமிழனுக்கு இட்லி ஊத்தியிருக்காங்க. அது என்ன வடிவத்துல வந்துச்சுன்னு சாப்பிட்டவங்களைத்தான் கேக்கணும். ஒருத்தர்கூட மெஸ்ஸை மாத்தல.

கப்பல்ல நாலு நாள். முதல் நாள் காலையில கோமதி வழக்கம்போல நாலரைக்கு முழிச்சுட்டா. நாஷ்டா மணி ஏழரைக்குத்தான் அடிப்பாங்களாம். அஞ்சு மணிக்குப் படுக்கையிலயே வலிப்பு வந்துச்சு. மறுநாள் நாலரைக்கே நான் அவளைத் தூக்கிட்டு கப்பல் சமையல்கட்டுக்குப் போய் நின்னேன். அங்க இருந்த மலையாளத்து சமையல்காரர், "இப்போ ஒண்ணும் இல்லா, போ"ன்னாரு. "நானும் சமையல்காரிதான், அடுப்பு எரியறது எனக்குத் தெரியுது"ன்னேன். மனுஷன் சிரிச்சுட்டாரு. ரெண்டு முட்டையும் சீனி போட்ட டீயும் குடுத்தாரு. அன்னிக்கு வலிப்பு வரல. அடுத்த நாளும் குடுத்தாரு, அன்னிக்கும் வரல.

மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். காத்திருக்கற இடத்துல உக்கார பெஞ்ச் கிடைக்கவே தனியா ஒரு வரிசை. எங்க பேரைக் கூப்பிட்ட நேரம் கோமதி பாவாடையை நனைச்சுட்டா. நான் மாத்தப் போயிட்டேன். எங்க வீட்டுக்காரர் மட்டும் நோட்டை எடுத்துட்டு உள்ள போனாரு.

எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ரொம்ப நல்லவர். என்னை ஒரு வார்த்தை அதட்டினதில்ல. ஆனா சர்க்கார் ஊழியர். எதிர்ல ஒரு பெரிய மனுஷர் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா, இவர் வாய்ல இருந்து தானா "எஸ் சார்" வந்துரும். எஞ்சினியர் இரும்பைக் காட்டி மரம்னு சொன்னாலும் எஸ் சார்தான். அன்னிக்கு உள்ள நடந்ததை அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பெரிய டாக்டர் நோட்டைப் புரட்டிப் பாத்துட்டு, "எல்லாம் நாலரை, நாலே முக்கால். தூக்கத்துல வர்ற வலிப்பு, இல்லையா?"ன்னு கேட்டிருக்காரு. இவரு "எஸ் சார்"னுட்டாரு.

கேஸ் சீட்டுல அது ஏறிருச்சு. நாங்க வார்டுல சேர்ந்துட்டோம்.

முதல் சோதனை, தலையில களிம்பு தடவி வயர் ஒட்டி, மூளைக்குள்ள ஓடற கரண்டைக் கோடு கோடா பேப்பர்ல எழுதற மெஷின். வலி இல்ல. காலையில பாலும் பிரெட்டும் சாப்பிட்டுட்டு, பதினோரு மணிக்கு நல்லா முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கோடு சுத்தமா வந்துருச்சு. "முழிப்புல சரியா இருக்கு, தூக்கத்துல வருது. அப்போ கோளாறு எங்கயோ ஆழத்துல ஒளிஞ்சிருக்கு"ன்னு பெரிய டாக்டர் சொன்னாராம். கோமதி காலை அஞ்சு மணிக்குக் கட்டில்லயே இழுத்துக்கிட்டா, ராத்திரி டூட்டி நர்ஸ் டார்ச் அடிச்சுப் பாத்து, "படுக்கையில், அதிகாலை"ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. அந்தப் பிள்ளை அரை மணி நேரமா முழிச்சுக்கிட்டு, "அம்மா, எப்போ பால் வரும்"னு என்னை நச்சரிச்சது எந்தச் சீட்டுலயும் ஏறல. வார்டுல பால் வர்றதுக்கு முன்னாடி நாமளா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சட்டம்.

வார்டுல சின்ன டாக்டரம்மா ஒருத்தங்க இருந்தாங்க, ரோசலின். ஒல்லியா, எப்பவும் தூக்கக் கண்ணோட இருப்பாங்க. நம்ம கேள்விக்குப் பதில் சொல்ற ஒரே ஆள் அவங்கதான். ரெண்டாவது சோதனை பத்தி அவங்கதான் விளக்கினாங்க. கொஞ்சமா கதிர் வீசற மருந்தை நரம்புல ஏத்துவாங்க. அப்புறம் ஒரு கருவி தலைக்கு மேல இப்படியும் அப்படியும் நகர்ந்து, மருந்து எங்க அதிகமா தங்கியிருக்குன்னு பேப்பர்ல புள்ளி குத்தும். கட்டி இருந்தா அங்க புள்ளி அடர்த்தியா விழும்.

அன்னிக்கு வெறும் வயித்தோட வரணும்னு சொல்லிட்டாங்க. எட்டு மணிக்குன்னாங்க. ஒன்பதாச்சு, பத்தாச்சு. மெஷின் இன்னும் தயாராகலையாம். அந்த வராந்தாவுல பெஞ்ச்ல வச்சு என் பிள்ளைக்கு மூணு தடவை வந்துச்சு. மூணு தடவை! நாலாவதுக்குக் கண்ணு சொருக ஆரம்பிச்சதும் நான் பையில இருந்த வாழைப்பழத்தை எடுத்தேன். அங்க நின்ன சிப்பந்தி, "ஏம்மா, அறிவிருக்கா? எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லல?"ன்னு கத்தினான். "உன் மெஷினுக்குப் பசிக்கல, என் மகளுக்குப் பசிக்குது"ன்னு பதிலுக்கு நானும் கத்தினேன். பழத்தைப் பிசைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா ஊட்டினேன். வராந்தாவே என்னைத்தான் பாத்துச்சு. எங்க வீட்டுக்காரர் சுவரைப் பாத்துக்கிட்டு நின்னாரு. கொஞ்ச நேரத்துல கோமதி தெளிஞ்சுட்டா. தெளிஞ்சு, "இன்னொரு பழம் இருக்கா?"ன்னு கேட்டா.

படம் எடுத்தாங்க. டிக் டிக்னு புள்ளி விழுந்துச்சு. கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. நான் அப்படியே தரையில உக்காந்து அழுதேன். ரோசலின் டாக்டரம்மா அந்தப் பேப்பரைக் காட்டி, "இது கட்டி இருக்கா இல்லையானு மட்டும்தாம்மா சொல்லும். மூளை எப்படிச் சாப்பிடுதுன்னு சொல்லாது"ன்னாங்க.

"மூளை சாப்பிடுமா?"

"நாள் பூரா சாப்பிடும். சர்க்கரைதான் அதுக்குச் சோறு. நாம சாப்பிடறது எல்லாம் சர்க்கரையா மாறி ரத்தத்துல போகுது. மூளைக்கு எந்த இடத்துல எவ்வளவு போய்ச் சேருதுன்னு பாக்கற மெஷின் எதுவும் நம்மகிட்ட இல்ல."

எனக்கு என்னமோ சொல்லணும்னு தோணுது, எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

ரெண்டு நாள் கழிச்சு பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ்ல வந்து சொன்னாரு: வியாழக்கிழமை காற்றுப் படம். முதுகெலும்பு வழியா, மூளையைச் சுத்தி இருக்கிற நீரை வெளிய எடுத்துட்டு, அந்த இடத்துல காத்தை ஏத்தி எக்ஸ்ரே எடுக்கறது. அப்போதான் மூளைக்குள்ள இருக்கற இடுக்கெல்லாம் தெரியுமாம். எடுத்தப்புறம் ரெண்டு நாளைக்குத் தலை பிளந்துரும், வாந்தி வரும்னு ஏற்கெனவே எடுத்த ஒரு பிள்ளையோட அம்மா சொன்னாங்க. "கோளாறு இருக்கற இடம் தெரிஞ்சா, மண்டையைத் திறந்து எடுத்துரலாம்"னாரு. எங்க வீட்டுக்காரர் எஸ் சார்னாரு.

ஏழு வயசுப் பிள்ளை. அவ தலைக்கு எண்ணெய் தேச்சு விடறப்போ உச்சியில ஒரு சுழி இருக்கும், அங்க விரலை வச்சா கூசுதுன்னு சிரிப்பா. அந்த இடத்தைத் திறக்கப் போறாங்களாம். பயந்தேன். பயத்தோட கோபமும் வந்துச்சு. யார் மேலன்னு தெரியாத கோபம்.

காற்றுப் படத்துக்கு முன்னாடி, திங்கக்கிழமை, முதுகுல இருந்து கொஞ்சூண்டு நீர் எடுத்துச் சோதிச்சாங்க. கோமதியை இறால் மாதிரி சுருட்டிப் படுக்க வச்சு நான்தான் பிடிச்சுக்கிட்டேன். மறுநாள் மதியம் ரோசலின் டாக்டரம்மா ஒரு சீட்டைக் கையில வச்சுக்கிட்டுக் கட்டில் ஓரமா வந்து உக்காந்தாங்க. ரத்தத்துல சர்க்கரை சரியா இருக்கு, ஆனா முதுகு நீர்ல பாதிகூட இல்லையாம். மூளைக்காய்ச்சல்ல இப்படிக் குறையும், ஆனா இவளுக்குக் காய்ச்சலும் இல்ல, கிருமி இருக்கற அடையாளமும் இல்ல. "லேப்ல தப்பா இருக்கும்னு பெரிய டாக்டர் சொல்றாரு. எனக்கு மனசு கேக்கல. மறுபடியும் முதல்ல இருந்து சொல்லுங்கம்மா"ன்னு கேஸ் சீட்டைப் படிக்க ஆரம்பிச்சாங்க.

"அதிகாலை நாலரை, நாலே முக்கால். தூக்கத்தில் மட்டும்."

"நில்லுங்க டாக்டரம்மா. யார் சொன்னது தூக்கத்துலன்னு?"

"நாலரை மணிதானே? குழந்தை தூங்கிட்டுதானே இருக்கும்?"

"நாலரைக்கா? எங்க ஊர்ல நாலரைக்கு விடிஞ்சிரும்! நான் ரெண்டு ஈடு இட்லி எடுத்திருப்பேன். இவ குடத்தைத் தூக்கிட்டுக் குழாயடிக்குப் போயிருப்பா. முதல் வலிப்பே குழாயடியிலதான் வந்துச்சு, தெருவே பாத்துச்சு!"

அவங்க பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. "அப்போ முழிப்புல. ராத்திரி எப்போ சாப்பிடுவா?"

"அஞ்சரைக்கு."

"பதினோரு மணி நேரம்"னு அவங்க மெதுவா சொன்னாங்க. தூக்கக் கண்ணு நல்லாத் திறந்துருச்சு. "சாப்பிட்டப்புறம் வந்திருக்கா?"

அதைத்தானேம்மா நான் ரெண்டு வருஷமா கத்திட்டு இருக்கேன்! கப்பல், முட்டை, வாழைப்பழம், சிப்பந்தி, எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டித் தீர்த்தேன். கடைசியா சொன்னேன்: "நாளைக்குக் காலையில நாலு மணிக்கே இவளுக்கு நான் சாப்பாடு குடுக்கறேன். வலிப்பு வந்தா, உங்க இஷ்டத்துக்குப் படம் எடுங்க. வரலைன்னா என் பேச்சைக் கேளுங்க."

"குடுங்க. ஆனா வியாழக்கிழமை காற்றுப் படத்தை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல"ன்னாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வந்ததும், நான் ஆஸ்பத்திரின்னுகூடப் பாக்கல. "நீங்க உள்ள போய் என்னத்தச் சொல்லித் தொலைச்சீங்க?"ன்னு பிடிச்சுக்கிட்டேன். விஷயம் புரிஞ்சதும் மனுஷனுக்கு முகம் செத்துப் போச்சு. "அவரு கேட்ட கேள்வி சரியாக்கூடக் காதுல விழலடி வடிவு. பெரியவர் சொல்றாரேன்னு தலையை ஆட்டிட்டேன்"னாரு. வராந்தாவுல போய்த் தனியா நின்னுக்கிட்டு இருந்தாரு. எனக்கும் பாவமா இருந்துச்சு, ஆனா போய்த் தேத்தல. அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்துச்சு.

புதன்கிழமை நாலு மணிக்குப் பாலும் ரெண்டு இட்லியும் குடுத்தேன். வலிப்பு வரல. வியாழக்கிழமை காற்றுப் படத்துக்காக வெறும் வயித்துல இருக்கணும்னு உத்தரவு. நான் குடுக்கலாம்னு பாத்தேன், நர்ஸ் கட்டில் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க. அஞ்சேகாலுக்கு வந்துச்சு. கோமதி உக்காந்து என்கிட்ட பேசிட்டு இருக்கும்போதே, கண்ணைத் திறந்துக்கிட்டே வந்துச்சு. இந்தத் தடவை நர்ஸ் முழுசும் பாத்தாங்க. "முழிப்பில்"னு எழுதச் சொன்னேன். எழுதினாங்க.

எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தாரு. பின்னாடி பத்துப் பேர். தள்ளுவண்டி வாசல்ல நிக்குது. ரோசலின் டாக்டரம்மா பேச ஆரம்பிச்சாங்க. அவரு கையைக் காட்டி நிறுத்திட்டாரு. கேஸ் சீட்டை விரலால தட்டி, எங்க வீட்டுக்காரரைப் பாத்துக் கேட்டாரு. "தூக்கத்துல வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

எல்லாரும் அவரைப் பாத்தாங்க. நானும் பாத்தேன். அவரு தொண்டை ஏறி இறங்கினது எனக்குத் தெரிஞ்சுது.

"இல்ல சார்"னாரு.

"என்ன?"

"இல்ல சார். நான் தப்பா சொல்லிட்டேன். அது தூக்கம் இல்ல. எங்க தீவுல அப்போ விடிஞ்சிருக்கும். என் பொண்ணு எழுந்து, பசியோட இருப்பா. என் வீட்டுக்காரி சொல்றதுதான் சரி. இந்தப் படம் வேண்டாம் சார்."

இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல அவரு ஒரு பெரிய மனுஷர்கிட்ட இல்லைன்னு சொன்னது அந்த ஒரு தடவைதான்னு நினைக்கறேன். வேர்த்து ஊத்திருச்சு அவருக்கு.

பெரிய டாக்டர் கோபப்படுவாருன்னு நினைச்சேன். அவரு கோபப்படல. என் மெஸ் நோட்டைக் கேட்டாரு. ரொம்ப நேரம் புரட்டினாரு. லேப் சீட்டைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்து, "ரத்தத்துல சர்க்கரை இருக்கு, ஆனா அது மூளைக்குப் போய்ச் சேரல போலிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியாதும்மா"ன்னாரு. எனக்குத் தெரியாதுன்னு ஒரு பெரிய டாக்டர் சொல்லிக் கேட்டது அதுதான் எனக்கு முதல் தடவை. அன்னிக்குத்தான் அவர் மேல எனக்கு மரியாதையே வந்துச்சு. தள்ளுவண்டியைத் திருப்பி அனுப்பிட்டாரு.

பழைய வைத்தியம் ஒண்ணு இருக்கு, செஞ்சு பாப்போம்னாரு. சோறு, சீனி, மாவு எல்லாத்தையும் அடியோட குறைச்சுட்டு, கொழுப்பா குடுக்கறது. உடம்பு அந்தக் கொழுப்பை உடைச்சு வேற ஒரு தீனி உண்டாக்கும், சர்க்கரைக்குப் பதிலா மூளை அதைத் தின்னும். தேங்கா எண்ணெய், முட்டை, மீன், நெய். எல்லாம் தராசுல நிறுத்துத்தான் குடுக்கணும். மூத்திரத்துல ஒரு பொடியைப் போட்டா ஊதா நிறம் வரணும், வந்தாத்தான் உடம்பு வழிக்கு வந்திருக்குன்னு அர்த்தம். பினோபார்பிடோனையும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க. மூணு வாரம் ஆஸ்பத்திரியிலயே வச்சுப் பாத்தாங்க. தேங்கா எண்ணெயைக் கண்டாலே கோமதி ஓடுவா. நானும் ஒரு கரண்டி குடிச்சுக் காட்டுவேன். வாந்தி வர்ற மாதிரி இருக்கும், சிரிச்சுக்கிட்டே முழுங்குவேன். நாளுக்கு ஒண்ணா இருந்த வலிப்பு வாரத்துக்கு ஒண்ணாச்சு.

ஊருக்குத் திரும்பினோம். வேடிக்கையைக் கேளுங்க. இருபது பேருக்குச் சோறு பொங்கிப் போடற வீட்டுல, சொந்த மகளுக்குச் சோறு கிடையாது. "பெத்தவளா இவ? எண்ணெயைக் குடிக்க வச்சுக் கொல்றா"ன்னு குழாயடியில பேசினாங்க. சாவி குடுத்தவங்களேதான். நான் குடத்தை வச்சுட்டு, "எத்தனை நாளா இவ இங்க விழல? எண்ணிச் சொல்லிட்டு அப்புறம் பேசுங்க"ன்னேன். ஒருத்தரும் எண்ணல.

பௌதியோட தம்பி ஹேவ்லாக் தீவுல இருந்து படகுல வாத்து முட்டை அனுப்புவாரு. லாஞ்ச்காரங்க மீன் கொண்டு வருவாங்க. மெஸ் ஆளுங்க அவங்களுக்குள்ளயே ஒரு சட்டம் போட்டுக்கிட்டாங்க, நான் சொல்லவே இல்ல: கோமதி காலையில முட்டையும் எண்ணெயும் முடிக்கிற வரைக்கும் யாரும் அவ கண்ணு முன்னாடி இட்லியில கை வைக்கக் கூடாது. முரட்டு ஆம்பளைங்க, தட்டை மடியில வச்சுக்கிட்டு, ஒரு ஏழு வயசுப் பிள்ளை முழுங்கறதைப் பாத்துக்கிட்டுக் காத்திருப்பாங்க. அவ கிண்ணத்தைக் கவுத்துக் காட்டினதும் "ஷாபாஷ்!"னு ஒரு சத்தம் போட்டுட்டுத்தான் சாப்பிடுவாங்க. இதை நினைச்சா எனக்கு இப்பவும் அழுகை வரும்.

அஞ்சாவது மாசத்துல இருந்து வலிப்பு வரல. பள்ளிக்கூடத்துல திரும்பச் சேர்த்தேன். முதல் மார்க் எல்லாம் வாங்கல. நடை கொஞ்சம் தடுமாறும், பசிச்சா நாக்கு குழறும். பதினாறு வயசுல மெதுவா சோறு சேர்த்தாங்க. கப்பல் டிக்கெட் கவுன்டர்ல வேலை கிடைச்சுது. கல்யாணம் ஆச்சு, மறைக்காம சொல்லித்தான் பண்ணினேன்.

நாப்பது வயசு தாண்டினப்புறம் கவுன்டர்ல கூட்டம்னு சாப்பிடாம இருந்து, மறுபடி ரெண்டு தடவை வந்துருச்சு. மெட்ராஸ் அதுக்குள்ள சென்னை ஆயிருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் அப்போ உசிரோட இல்ல. அங்க ஒரு இளவட்ட டாக்டர், இப்போ அந்த மெஷின் வந்துருச்சுன்னாரு. கதிர் ஒட்டின சர்க்கரையை ஊசியில ஏத்திட்டுப் படம் எடுத்தா, மூளையில எந்த இடம் எவ்வளவு சர்க்கரை தின்னுதுன்னு கலர் கலரா தெரியுமாம். ரோசலின் டாக்டரம்மா அன்னிக்கு இல்லைன்னு சொன்ன அதே மெஷின்.

படத்தைத் திரையில போட்டுக் காட்டினாரு. சில இடம் நல்ல மஞ்சளும் சிவப்புமா, சில இடம் மங்கி நீலமா. "இங்கெல்லாம் சர்க்கரை கம்மியாத்தான் போகுது. பிறவியிலயே அதை உள்ள கொண்டு போற வாசல் சின்னது. இப்படி ஒரு நோய் இருக்குன்னே ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க"ன்னாரு.

"பசிதானே டாக்டர்?"ன்னு கேட்டேன்.

அவரு சிரிக்கல. "ஆமாம்மா. பசிதான்"னாரு.

அப்புறம் பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினாரு. ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்னொரு ஆஸ்பத்திரின்னு நகலுக்கு நகல் எடுத்து வந்த ஃபைல். அதுல முதல் பக்கம் இன்னும் அப்படியே இருந்திருக்கு, யாரும் அடிச்சுத் திருத்தவே இல்ல. "வலிப்பு, தூக்கத்தில் மட்டும்னு போட்டிருக்கே, அப்படித்தானே?"ன்னு பேனாவைத் தூக்கினாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. வாயைத் திறக்கப் போனேன். என் மக என் கையை அமுக்கிப் பிடிச்சா. காலையில படத்துக்காகப் பட்டினி கிடந்ததுல நாக்கு இன்னும் லேசா குழறுது அவளுக்கு. இருந்தாலும் நிமிர்ந்து உக்காந்து, அவங்க அப்பா மாதிரியே ஒரு தடவை எச்சிலை முழுங்கிட்டுச் சொன்னா:

"இல்ல சார்."